இன்றிரவு எத்தனை

மூன்றரை மணி.
கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில்
யாரோ தவறவிட்ட கம்பளிக் கையுறைபோலக்
குந்தியிருக்கிறது கப்ஸாஸ்.
சதகுப்பைக் கீரையை நீட்டினேன்.
முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
பல்லைப் பல்லோடு உரசும் சத்தம் மட்டும்.
வலித்தால் அப்படித்தான்.
இந்தக் குளிர்காலத்தில் இது நான்காம் முறை.

எங்கள் எஸ்தோனிய மொழியில்
கப்ஸாஸ் என்றால் முட்டைக்கோஸ்.
பெயர் வைத்தவள் ஊர்வே.
முட்டைக்கோஸ் அதன் வயிற்றுக்கு ஆகாதென்று
அப்போது தெரியாது.
ஆகாதவை பிறகு ஒவ்வொன்றாய்த் தெரிந்தன:
வாழைப்பழத் துணுக்கு,
விருந்தாளிகள்,
பட்டாசு வெடிக்கும் புத்தாண்டு இரவு,
நாங்கள் இருவரும் குரல் உயர்த்திய சமையலறை.

நவம்பரில் அவள் வீடு மாறினாள்.
சோபா அவளுக்கு, அலமாரி எனக்கு.
புத்தகங்களில் சண்டை வரவில்லை,
இருவருமே பெருந்தன்மை காட்டிக் கெட்டோம்.
முயலை மட்டும் வாரம் மாற்றி வாரம் என்று பேசியிருந்தோம்.
"கூடையில் தூக்கிக்கொண்டு டிராமில் அலைந்தால்
இதன் குடல் நின்றுபோகும்" என்றார் மருத்துவர் மாரிக்கா.
"ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல்.
வாந்தி எடுக்கவும் வழியில்லாத பிராணி.
உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும்."
கடைசி வாக்கியத்தை
எங்களைப் பார்த்துச் சொன்னாரா என்று
வாசலில் நின்று இருவரும் யோசித்தோம்.
கேட்டுக்கொள்ளவில்லை.

அதனால் அது என்னோடு.
அவள் ஹெல்சிங்கி கப்பலில்,
இரவு முறை, கார்கள் நிறுத்தும் தளத்தில்.
எங்களுக்குள் இப்போது மிஞ்சிய மொழி எண்கள்.

திங்கள்: இருநூற்றுப் பத்து. உருண்டை. வைக்கோல் நிறம்.
செவ்வாய்: தொண்ணூறு. சிறுத்தவை.
புதன்: பதினேழு.
அதில் மூன்று முடியில் கோத்த பாசிமணிபோல.
வியாழன்: எழுத ஒன்றுமில்லை.

துண்டில் சுற்றி மடியில் வைக்கிறேன்.
மாவைக் கரைத்து, வெதுவெதுப்பாக்கி,
ஊசியில்லாத ஊசிக்குழாயைக் கடைவாயில் செருகி
அரை மில்லி. காத்திரு. விழுங்கட்டும்.
மறுபடி அரை மில்லி.
லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான்.
நின்றுபோன எதையும் விசையை அழுத்தி
எழுப்பியே பழகிய விரல்கள்
இந்த வயிற்றின் மேல்
என்ன செய்வதென்று தெரியாமல்
வட்டம் வட்டமாய்ச் சுற்றுகின்றன.

கைபேசி ஒளிர்கிறது.
"சாப்பாடு?"
ஒரே சொல்.
யாருடையதைக் கேட்கிறாள்?
ஒன்பது வருடத்தில் என்னிடம் அவளோ
அவளிடம் நானோ
இத்தனை மணிக்கு இதைக் கேட்டதில்லை.
"ஐந்து மில்லி," என்று அனுப்பினேன்.
"பாதி என் சட்டையில்."

அதன் விலாவில் காது வைத்தேன்.
ஒன்றுமில்லை.
தெருவில் பனி வழிக்கும் வண்டி போய்த் திரும்பியது.
மறுபடி வைத்தேன்.
எங்கோ ஆழத்தில்
குழாயில் காற்று நகர்வதுபோல
ஒரு களுக்.
என் வயிறாகவும் இருக்கலாம்.
மூச்சைப் பிடித்தேன்.
களுக்.
அதுதான்.

ஐந்து நாற்பதுக்கு,
குளிர்ந்த தரையில்,
கோணலாய், ஈரமாய், மிளகைவிடச் சற்றே பெரிதாய்
ஒன்று.

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.
நாற்பத்து நான்கு வயதில்
ஒரு புழுக்கைக்கு முன்னால்
மண்டியிட்டிருக்கிறேன்.
அளவு தெரிய அருகே ஒரு சென்ட் காசை வைத்துப்
படம் எடுத்து அனுப்பினேன்.
கப்பல் நடுக்கடலில் இருக்க வேண்டும்,
வெகுநேரம் போய்ச் சேரவில்லை.

கப்ஸாஸ் கையுறையிலிருந்து
மெல்ல முயலாகிறது.
ஒரு காது முதலில். பிறகு மூக்கு.
வைக்கோலில் ஒரே ஒரு தாளை உருவி
ஓரத்திலிருந்து உள்ளிழுக்கிறது,
வேண்டா வெறுப்பாக,
ஏதோ எனக்காகத்தான் என்பதுபோல.

அப்புறம் பதில் வந்தது:
"காசை எடு, கடித்துவிடும்."

எடுத்துவிட்டேன்.